பெட்ரோல் மாறிப்போச்சு, பழைய புல்லட் மாறலையே! ஸ்பானர் பிடிக்கும் சென்னைக்காரர்கள் கவனத்துக்கு

சென்னை,

காலை 8 மணி. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நிற்கும் பழைய புல்லட்டை நாலு உதை, அஞ்சு உதை உதைத்தாகிவிட்டது. "புட்... புட்..." என்று இருமுகிறது. அணைந்துவிடுகிறது.

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?" என்று தலையைச் சொறிகிறார் சொந்தக்காரர். பிளக்கைக் கழற்றித் துடைக்கிறார். பாயிண்டைத் தேய்க்கிறார். பிரயோஜனம் இல்லை. கடைசியில் பஸ்தான் கதி.

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. பழி முழுவதும் பிளக்கின் மீதும் பாயிண்டின் மீதும் விழுகிறது. ஆனால் பல வண்டிகளில் குற்றவாளி அங்கே இல்லை. டேங்குக்குள் இருக்கிறான்!

200 மில்லி எத்தனால்

இப்போது பங்குகளில் ஊற்றப்படும் இ-20 பெட்ரோலில், லிட்டருக்கு 200 மில்லி வரை எத்தனால் இருக்கிறது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் எரிசாராயம்தான் எத்தனால். இந்த வகைப் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 20 சதவீதக் கலப்பு என்ற இலக்கை முதலில் 2030-க்குத்தான் வைத்திருந்தார்கள். 2025-லேயே எட்டிவிட்டார்கள்.

கச்சா எண்ணெய்க்காக வெளிநாட்டுக்குப் போகும் பணம் மிச்சமாகிறது, விவசாயிக்கு வருமானம் கிடைக்கிறது என்பது மத்திய அரசின் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்குகளில் கிடைக்க வேண்டும் என்று கேட்டுப் போடப்பட்ட வழக்கை 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே பழைய பெட்ரோல் திரும்பி வரும் என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்குப் பயம் இல்லை. இந்தப் பெட்ரோலைத் தாங்கும் ரப்பரையும் குழாயையும் வைத்தே அவை தயாராகின்றன. 1980-ல் திருவொற்றியூரில் தயாரான புல்லட்டுக்கு எத்தனால் என்றால் என்னவென்றே தெரியாது!

வண்டிக்குள் என்ன நடக்கிறது?

மூன்று காரியங்கள் நடக்கின்றன.

ஒன்று, எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நின்றால், ஈரம் டேங்குக்குள் சேரும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோர்த்துப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். பெட்ரோலுக்குப் பதில் தண்ணீர் போனால் எஞ்சின் எப்படிப் பிடிக்கும்?

இரண்டு, பழைய ரப்பர் குழாய், வாசர், பெட்ரோல் டேப்பில் இருக்கும் கார்க்கு ஆகியவற்றை எத்தனால் கெடுக்கும். சில ஊதிப்போகும், சில வெடித்துப்போகும். கசிவு ஆரம்பமாகும். டேங்கில் பல வருஷமாக ஒட்டியிருந்த அழுக்கையும் கரைத்துக்கொண்டு வந்து ஜெட்டை அடைக்கும்.

மூன்று, எத்தனால் எரிவதற்குப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றுதான் வேண்டும். இன்றைய வண்டியில் சென்சார் இருக்கிறது. அது கணக்குப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. ஜெட் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான். அதனால் காற்று அதிகமாகி, கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறும். சைலன்சரில் "டப்... டப்..." என்று வெடிக்கும். ஜாவா, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் மெலிந்த கலவை முற்றினால் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும்.

சர்வீசில் மாற்றலாம், சரி! யார் மாற்றுவது?

இந்தப் புகார்கள் கிளம்பியபோது பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் கொஞ்சம் முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவு, வழக்கமான சர்வீசிலேயே முடித்துவிடலாம் என்பது அதன் சாரம். பழைய இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே மதிப்பிட்டிருந்தது.

பத்து வருஷத்து வண்டிக்கு இந்தப் பதில் பொருந்தும். கம்பெனி இருக்கிறது, சர்வீஸ் சென்டர் இருக்கிறது. ஆனால் ஜாவாவையும் எஸ்டியையும் தயாரித்த மைசூர் தொழிற்சாலை 1996-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பும் அதே 1996-ல் நின்றது. 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய புல்லட், இங்கிலாந்தின் ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடிய பிறகும் இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. கம்பெனி இன்று ஒரகடத்திலும் வல்லத்திலும் பெரிதாக நடக்கிறது. ஆனால் அந்தப் பழைய இரும்பு எஞ்சின் இப்போது வருவதில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததிலிருந்து புது வண்டிகளில் கார்புரேட்டருக்கு இடமில்லாமல் போனது. புதிதாகத் தொழில் கற்கும் பையன் ஸ்கேனரைச் சொருகிப் பார்க்கக் கற்கிறான். பாயிண்ட் இடைவெளியைப் பற்றிக் கேட்டால், "அண்ணே, இது அந்தக் காலத்து வண்டிண்ணே, பார்ட்ஸ் கிடைக்காதுண்ணே" என்று கையை விரிக்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆக, "சர்வீசில் மாற்றுங்கள்" என்ற யோசனை, சர்வீஸ் சென்டரே இல்லாத வண்டிக்காரரிடம் வந்து நிற்கிறது. வேறு வழியில்லாமல் அவரே மெக்கானிக் ஆகிறார். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக இருந்தது, கட்டாய வேலையாகிவிட்டது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

பயப்படும்படி ஒன்றும் இல்லை. அரை மணி நேரமும் பொறுமையும் இருந்தால் போதும்.

* கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து, ஆடாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். டேங்கையும் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

* வண்டி ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறதா? பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காய்ந்துவிடும். காசில்லாத வைத்தியம்!

* பழைய ரப்பர் குழாயைத் தூக்கி எறியுங்கள். கடையில் "எத்தனால் தாங்கும் ஓஸ்" என்று கேட்டே வாங்குங்கள். டேப் வாசரையும் சேர்த்து மாற்றுங்கள்.

* பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். காபிக்கொட்டை நிறம் என்றால் சுகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் கலவை மெலிந்துவிட்டது. கார்புரேட்டர் ஊசியிலுள்ள கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். கரி அப்பியிருந்தால் நேர்மாறு.

* பழைய புல்லட்டின் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கண் திட்டத்தில் வைக்காதீர்கள். ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கை வைக்காதீர்கள்!

வேலை செய்யும் இடம் முக்கியம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வண்டி நிற்பது மாடிப்படிக்குக் கீழே. அதே சுவரில்தான் கரண்டு மீட்டர் பெட்டிகளும் இருக்கும். பெட்ரோல் ஆவி தரையோடு பரவும். ஒரு பொறி போதும். டேங்கை வடிப்பதானால் எஞ்சின் ஆறிய பிறகு, பகலில், திறந்த வெளியில் வடியுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது.

ஓட்டை விழுந்த டேங்கை "காலியாத்தானே இருக்கு" என்று வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் ஆபத்து. உள்ளே இருப்பது ஆவி. நெருப்புப் பட்டால் குண்டு மாதிரி வெடிக்கும். முறையாகக் கழுவி ஆவி நீக்கத் தெரிந்த ஆளிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

ஃபிரேம் வெல்டிங், கிராங்க், சிலிண்டர் போரிங் ஆகியவையும் வீட்டு வேலை அல்ல. லேத் பட்டறைக்குப் போவதுதான் முறை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை 2023 டிசம்பர் புயல் மழைக்குப் பிறகு பலரும் அவசரப்பட்டு உதைத்துப் பார்த்தார்கள். அது தப்பு. முதலில் எஞ்சின் ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. வடித்த ஆயிலை மழைநீர்க் கால்வாயில் ஊற்றவும் கூடாது. கழிவு ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு.

புதுப்பேட்டையில் உஷார்

கடையில் கிடைக்காத பாகத்தைத் தேடி எல்லோரும் கடைசியில் போய்ச் சேருவது புதுப்பேட்டை. கழற்றிய பாகம் வாங்குவது குற்றமல்ல. ஆனால் எஞ்சின் வாங்கும்போது நம்பரைப் பாருங்கள். தேய்த்து மறுபடி குத்தியதுபோல் இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பில் கேளுங்கள். "பில்லெல்லாம் எதுக்கு சார்?" என்று இழுத்தால் நடையைக் கட்டுங்கள்.

2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவுப்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குகிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனை உண்டு. ஓடாத வண்டியை ஓட்டப் போய் ஸ்டேஷன் வாசலில் நிற்கவேண்டி வரும்!

எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். விதியை மீறி வண்டியின் அமைப்பை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஆர்.சி. செலவு

15 வருஷம் முடிந்த வண்டியின் ஆர்.சி.யை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது. 20 வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி.

50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 ஜூலையில் 'விண்டேஜ்' பதிவு வந்தது. கட்டணம் 20 ஆயிரம் ரூபாய், 10 வருஷம் செல்லும். கவுரவம்தான். ஆனால் அந்த நம்பர் வாங்கிய வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்டக்கூடாது. அந்த வண்டியே சோறு போடுகிறது என்றால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

டெல்லியில் நடப்பதைக் கேட்டு, "15 வருஷம் ஆனா இங்கேயும் பிடிச்சிடுவாங்களாமே" என்று அரைவிலைக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். தமிழ்நாட்டில் தகுதியோடு இருக்கும் சொந்த வண்டியை வயதை மட்டும் காட்டிப் பிடிக்கும் தடை இல்லை. எப்.சி. பார்க்கும்போது பிரேக்கும் லைட்டும் புகையும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் பழைய வண்டியை விரட்டவில்லை. ஆனால் பங்கில் ஊற்றும் பெட்ரோல் அதற்காகத் தயாரிக்கப்பட்டதும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் சொந்தக்காரர். குழாய் வாங்க நூறு ரூபாய் செலவுக்கு யோசித்தால், பிஸ்டன் பிடித்த பிறகு ஆயிரக்கணக்கில் எண்ணிவைக்க வேண்டியிருக்கும்.

இன்று ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அந்த டேப்பை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கை நனைகிறதா? அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.