சித்தமும் சிப்ஸ் சட்டியும்

தென்காசிப் பக்கம் சபைக்குப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை உண்டு. 'ஆண்டவருக்குச் சித்தமானால்...' எங்கள் ஆபீஸில் அப்படி நாலு பேர். கல்யாணத் தேதியிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் வரை இதுதான் முன்னுரை. "சார், அந்த ஃபைல்?" "சித்தமானா வெள்ளிக்கிழமை அண்ணாச்சி!" ஆண்டவருக்கு எப்போதோ சித்தமாகிவிட்டது, ஹெட்கிளார்க்குக்குத்தான் இன்னும் ஆகவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கிண்டல் இருக்கட்டும். இந்த வார்த்தையைச் சரியாகப் புரிந்து வைத்திருப்பவர்கள் குற்றாலத்துக் கடைக்காரர்கள்தான். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்ட வேண்டும். ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் பேரருவியும் ஐந்தருவியும். தண்ணீரை வரவழைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. அதற்காக எவராவது படுத்துக் கிடக்கிறாரா? மே மாதமே கொட்டகைக்குக் கால் நட்டு, எண்ணெய் பாட்டில்களை அடுக்கி, சிப்ஸ் சட்டியை விளக்கி வைத்துவிடுகிறார்கள்!

போன மாசம் எங்கள் செக்‌ஷன் பையன் ஒருத்தன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். வெளிநாட்டு வேலை, மெடிக்கலில் கழித்துவிட்டார்கள். வட்டிக்கு வாங்கிய பணம் ஏஜென்ட் கையில். தங்கச்சி கல்யாணமே அதை நம்பித்தான்.

"தேவசித்தம்னு எங்க சேகரத்து ஐயரு சொல்லுதாரு அண்ணாச்சி. கேட்டா எரிச்சலா வருது."

அவனுக்கு டோனாவூர் அம்மாள் கதையைச் சொன்னேன். இங்கிருந்து அம்பாசமுத்திரம், களக்காடு வழியாகப் போனால் வரும் ஊர்தான். ஏமி கார்மைக்கேல், 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். சின்ன வயசில், 'என் கண்ணை நீலமாக்கு' என்று ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டு, காலையில் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண்! பிற்பாடு சேலை கட்டி, காப்பித்தூள் கரைசலைப் பூசிக்கொண்டு நம்மூர்ப் பெண்களோடு கலந்தபோது அந்தப் பழுப்புக் கண்தான் கைகொடுத்தது என்பார்கள்.

சீனா போக ஆசைப்பட்டார். டாக்டர் 'உடம்பு தாங்காது' என்று கழித்துவிட்டார். (பையன் இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.) ஜப்பான் போனார். அங்கேயும் உடம்பு படுத்தியது. 1895-ல் இந்தியா. 1901-ல், கோயிலுக்கு விடப்பட்டு அங்கிருந்து தப்பி வந்த ஒரு சிறுமிக்கு இடம் கொடுத்தார். பின்னாலேயே குழந்தைகள் வந்தபடி இருந்தார்கள். ஐம்பத்தைந்து வருஷம், ஒரு தடவைகூட லீவில் ஊருக்குப் போகவில்லை. நாமோ கேஷுவல் லீவை எண்ணி எண்ணி வைத்திருக்கிறோம்!

1931 அக்டோபரில் ஒரு நாள் காலை, குழந்தைகளுக்குப் பயன்படும்படி என்னை எது வேண்டுமானாலும் செய்துகொள் என்று ஜெபித்தாராம். இப்படிக் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில், வெட்டக் கூடாத இடத்தில் வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதற்கப்புறம் கிட்டத்தட்ட இருபது வருஷம், 1951-ல் கண்மூடும் வரை, பெரும்பாலும் அறைக்குள்ளேயே. கட்டிலில் கிடந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள்.

பையன் யோசித்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மாவுக்கு எல்லாம் பிறகுதானே வெளங்குச்சு? விழுந்த மறுநாள் என்ன நெனச்சிருப்பாவ?"

"வலிக்குதுன்னுதான்லே நெனச்சிருப்பாவ!"

ஒரு மாசத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். "அப்ப எரிச்சல்பட்டா தப்பில்லைங்கீயளா?"

"எரிச்சல்படு. ஆனா ஏஜென்ட் வீட்டுக்கு நடக்கிறதை விட்டுராதே."

சாயங்காலமே பஸ் ஏறினோம். இதுவரை பாதிப் பணம் வந்திருக்கிறது. தங்கச்சி கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.