யாருக்கு மலிவு?

எந்த ஊரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டினால் வாழ்க்கை சுகம் என்று உலக நகரங்களுக்கு ரேங்க் போடும் பட்டியல் ஒன்று இந்த வாரமும் வாட்ஸ்அப்பில் வலம் வந்தது. லிஸ்பன், பாங்காக், மெக்சிகோ சிட்டி, பாலி... வழக்கமான பெயர்கள்தான். வைஃபைக்கு மார்க், வெயிலுக்கு மார்க், காபிக்கும் மார்க். எல்லாவற்றுக்கும் மேலே 'செலவு குறைவு' என்று ஒரு கட்டம். அதில் பச்சை டிக்.

அந்த டிக்கைப் பார்த்தால்தான் நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்கு ஐயா குறைவு?

லிஸ்பனையே எடுத்துக்கொள்வோம். ரிமோட் வேலை செய்கிறவர்களுக்கென்று 2022 அக்டோபர் கடைசியில் போர்ச்சுகல் அரசு தனி விசா திறந்தது. உள்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல நான்கு மடங்கு மாத வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்குப்படி அந்த ஊதியம் 870 யூரோ. விசா கேட்பவர் காட்ட வேண்டியிருந்தது 3,480 யூரோ. நம் பணத்தில் மாதம் மூன்று லட்சத்துக்கு மேல். பட்டியலை ஃபார்வர்டு செய்த தம்பிகளில் எத்தனை பேருக்கு அந்தச் சம்பளம் வருகிறது என்பது தனிக்கதை!

நாம் கேட்பது வேறு. லிஸ்பன் ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவரைப்போல நாலு பங்கு கையில் இருந்தால்தான் உள்ளே வரலாம் என்று சட்டமே சொல்கிறது. விசாக்காரரும் தட்டுக் கழுவுகிறவரும் அல்ஃபாமா பகுதியில் ஒரே வீட்டைக் கேட்டுப் போனால் வீட்டுக்காரர் சாவியை யாரிடம் கொடுப்பார்? இதற்குப் பொருளாதாரப் பட்டமெல்லாம் வேண்டியதில்லை. வந்தவருக்கு 'அடடா, என்ன மலிவு!' இருந்தவருக்கு ஊருக்கு வெளியே ரயில் நிலையம் தாண்டி ஓர் அறை.

எல்லாப் பழியும் லேப்டாப்காரர்கள் தலையில்தானா என்றால், இல்லை. 2011-ல் போர்ச்சுகல் கடனில் மூழ்கி 7,800 கோடி யூரோ உதவி வாங்கியது. கடன் கொடுத்தவர்கள் சும்மா கொடுப்பார்களா? மறு வருடமே வாடகைச் சட்டம் தளர்ந்தது. பழைய குடித்தனக்காரர்களைக் கிளப்புவது சுலபமானது. அதே 2012-ல் வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி என்ற 'கோல்டன் விசா'. வெளிநாட்டிலிருந்து வரும் நிபுணர்களுக்கு ஒரே சீராக 20 சதவிகித வரி என்ற சலுகை 2009-லிருந்தே இருந்தது. உள்ளூர்க்காரருக்கோ வருமானம் ஏற ஏற வரியும் ஏறும், உச்சத்தில் 48 சதவிகிதம் வரை. சொந்த ஊரில் பிறந்ததற்கு அபராதம் போலிருக்கிறது.

2023 ஏப்ரல் 1 அன்று வீட்டு வாடகை தாங்காமல் ஆயிரக்கணக்கானோர் லிஸ்பன் தெருவில் இறங்கினார்கள். அக்டோபரில் வீடு வாங்கி விசா பெறும் வழி அடைக்கப்பட்டது. அடுத்த வருடம் பழைய வரிச் சலுகையும் புதிதாக வருகிறவர்களுக்கு நின்றது. நாலு மடங்கு விசா மட்டும் அப்படியே இருக்கிறது. பட்டியலில் பச்சை டிக்கும் அப்படியே.

மெக்சிகோ சிட்டி கதை இன்னும் வேடிக்கை. 2022 அக்டோபரில் நகர ஆட்சித் தலைவராக இருந்த கிளாடியா ஷெயின்பாம், ரிமோட் வேலைக்காரர்களை வரவேற்க ஏர்பிஎன்பியோடும் யுனெஸ்கோவோடும் கைகோத்தார். 2025 ஜூலையில் கொண்டேசா, ரோமா பகுதிகளில் வாடகை தாங்காமல் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். கடைக் கண்ணாடிகள் உடைந்தன. அப்போது நாட்டின் அதிபர் அதே ஷெயின்பாம். வெளிநாட்டவர் மீது வெறுப்பு வேண்டாம் என்று புத்தி சொன்னார். சொன்னது சரிதான். யார் அழைத்து வந்தது என்பதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

பார்சிலோனா மேயர் கோல்போனி பரவாயில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் 10,101 ஃபிளாட்டுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடித்துவிடுவதாக 2024-ல் அறிவித்தார். செய்கிறாரா பார்ப்போம்.

'லிஸ்பன் வாடகையைப் பற்றி உங்களுக்கென்ன கவலை?' என்று கேட்கும் வாசகர்கள், ஐ.டி. கம்பெனிகள் வருவதற்கு முன்னால் சென்னை துரைப்பாக்கத்தில் குடியிருந்தவர் யாரையாவது விசாரித்துப் பாருங்கள். விசாவும் இல்லை, வெள்ளைக்காரரும் இல்லை, வாடகை ஏற ஐ.டி. சம்பளம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் நம் பழைய பல்லவியைப் பாடாமல் விட மாட்டோம். தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தமாக இருந்தாலும்தான். ஆனால் இன்றும் புரோக்கர் நீட்டுகிற தாளில் கையெழுத்து, ரசீது இல்லாத அட்வான்ஸ், 'அடுத்த மாசம் ரெண்டாயிரம் ஏத்திக் குடுங்க' என்று மாடிப்படியில் நின்றபடி ஓர் உத்தரவு. சட்டத்தைக் கொண்டுவந்த அரசும் சரி, பிறகு வந்த அரசும் சரி, தெருத் தெருவாகப் போய் அதைச் சொல்லவில்லை.

பட்டியல் போடுகிறவர்கள் அடுத்த முறை ஒரு கட்டம் சேர்க்கட்டும்: அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் வாடகைக்குப் போவது எத்தனை பங்கு? அதுவரை நம் வாசகர்கள் ஒன்று செய்யலாம். வீட்டுக்காரரானாலும் குடித்தனக்காரரானாலும், ஒப்பந்தத்தை இந்த மாதமே பதிவு செய்துவிடுங்கள்.