வால்வுச் சாவி யார் கையில்?

சித்தூர் நகரம் நீவா ஆற்றங்கரையில் இருக்கிறது. பொன்னையாற்றில் கலந்து பாலாற்றுக்குப் போகும் சிற்றாறு அது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். கர்நூல் பக்கத்து ஹந்திரியின் பெயரோடு இந்த நீவாவின் பெயரையும் சேர்த்துத்தான் ஹந்திரி–நீவா திட்டத்துக்குப் பெயரிட்டார்கள். ஸ்ரீசைலம் அணையிலிருந்து கிருஷ்ணா நீரை ஏற்றி ராயலசீமைக்குக் கொண்டுவரும் திட்டம் அது. திருப்பதிக்குக் கல்யாணி அணை இருக்கிறது, கண்டலேற்றிலிருந்து தெலுங்கு கங்கை நீரும் வருகிறது. அதே கண்டலேறுதான் பூண்டி வழியாகச் சென்னைக்கும் தண்ணீர் தருகிறது. ஆகவே இந்த இரண்டு ஊர்களின் குடிநீர் என்று பேச்செடுத்தாலே அது அணைக்கும் ஆற்றுப் பங்கீட்டுக்கும் போய்விடுகிறது. நாம் இங்கே பேச விரும்புவது மேல்நிலைத் தொட்டிக்கும் குடிசைவாசலுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெருக்குழாயை நம்பி வாழ்பவருக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது நாம் பின்பற்றும் மத்திய அரசுக் கையேட்டின் அளவுகோல். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 200 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பதின்மூன்று பதினான்கு நடை. குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் விழுகிறது, ஒரு மணி நேரம் வருகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 600 லிட்டர், அதாவது 40 குடம். மூன்று வீடுகளுக்குத்தான் காணும். நாள் விட்டு நாள் வந்தால் அதுவும் பாதி. வரைபடத்தில் அந்தத் தெருவுக்குக் குழாய் போட்டாகிவிட்டது, திட்ட அறிக்கையில் அது ‘பயன்பெற்ற பகுதி’. நான்காவது வீட்டுப் பெண் வரிசையில் நிற்கும்போதே தண்ணீர் நின்றுவிடுவது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அந்த ஒரு மணி நேரம் எப்போது தொடங்குகிறது, எந்தக் கிளைக்கு முதலில் திறக்கிறார்கள், மேட்டுத்தெருவுக்கு அழுத்தம் கிடைக்க எந்த வால்வை எவ்வளவு அடைக்கிறார்கள்? ஏழைக் குடியிருப்பின் தண்ணீரைத் தீர்மானிப்பவை இவைதான். மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் இதுவரை நாம் கேட்டதோ வேறு: பள்ளம் தோண்ட ஆள், இணைப்புக்குப் பங்குத்தொகை, கூட்டத்துக்குக் கையெழுத்து. வால்வு நேரத்தைப் பற்றி யாரையும் கேட்டதில்லை.

பிரிட்டிஷ் அரசின் உதவியோடு 2000-ல் ஆந்திரத்தில் தொடங்கிய நகர்ப்புற ஏழைகளுக்கான சேவைத் திட்டம் இந்த விஷயத்தில் ஒரு நல்ல அடியை எடுத்து வைத்தது. முதலில் 32 நகரங்கள். சித்தூரும் திருப்பதியும் அவற்றில் இருந்தன. எந்தக் குடியிருப்புக்கு முதலில் வேலை என்பதை வறுமை, அடிப்படை வசதிக் குறைவு என்ற இரண்டு அளவைகளைச் சேர்த்து வரிசைப்படுத்தினார்கள். குடியிருப்பு மக்களோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டும் என்பதும் விதியில் இருந்தது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எந்தத் தெருவுக்குக் குழாய் என்பதில் மக்களின் குரல் நுழைந்தது பெரிய மாற்றம். ஆனால் குழாய் பதித்து முடிந்த மறுநாளிலிருந்து தண்ணீர் விடுவது பழையபடி நகராட்சியின் தனி வேலையாகிவிடுகிறது. அமைப்பதில் பங்கேற்பு, நடத்துவதில் இல்லை. நம் துறையின் பெரிய ஓட்டை இது என்று நினைக்கிறேன்.

ஆட்கள் இல்லாமல் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் பக்கத்து நெல்லூரில் சாராயத்துக்கு எதிராகப் பெண்கள் திரண்டார்கள். அங்கிருந்து வலுப்பெற்ற சேமிப்புக் குழுக்கள், ‘பொதுப்பு சங்கம்’ என்று தெலுங்கில் சொல்பவை, இன்று குடியிருப்பு அளவிலும் நகர அளவிலும் கூட்டமைப்புகளாக இருக்கின்றன. வரவு செலவு எழுதவும் தவணை வசூலிக்கவும் பழகிய பெண்கள் அவர்கள். டாக்காவில் நடந்தது நமக்குப் பொருந்தும்: நிலப்பட்டா இல்லாத குடிசைப்பகுதிக்கு இணைப்பு தர முடியாது என்றது அங்குள்ள குடிநீர் வாரியம். 1990-களில் ஒரு தொண்டு நிறுவனம் பிணை நின்று இணைப்பு வாங்கித் தந்தது; குடியிருப்புக் குழுக்கள் கட்டணம் வசூலித்துக் கட்டின. பின்னாளில் குழுக்களே நேரடியாக விண்ணப்பிக்க வாரியம் வழிவிட்டது. நிலத்தின் உரிமையையும் தண்ணீரின் உரிமையையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு அது சான்று. திருப்பதியின் மலையடிவாரப் புறம்போக்குகளில் குடியேறியவர்களுக்கு இதைவிட அவசரமான விஷயம் வேறில்லை.

சட்டம் தானாக நம்மை இந்தப் பக்கம் தள்ளாது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு. 2011 கணக்கெடுப்பில் திருப்பதி மாநகராட்சி அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது. சித்தூர் வெகு கீழே. நகராட்சிப் பொறியாளர் மனம்வைத்துத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

தொடங்குவது கடினமும் அல்ல. தண்ணீர் விடும் நேரத்தைத் தெலுங்கிலும், தமிழ் பேசும் தெருக்களில் தமிழிலும், தொட்டிச் சுவரில் எழுதலாம். வால்வு திறப்பவரின் நோட்டில் திறந்த நேரம், அடைத்த நேரம் இரண்டுக்கும் எதிரே அந்தத் தெருச் சங்கத்துப் பெண் ஒருவர் கையெழுத்திடலாம். லாரித் தண்ணீர் வந்தால் எத்தனை நடை என்பதையும் அவரே எழுதட்டும். பில் அதைப் பார்த்துத்தான் பாஸாக வேண்டும். இவற்றுக்கு நேரம் செலவிடுபவருக்குக் கூலி தர வேண்டும். ஏற்கெனவே குடம் சுமப்பவர் தலையில் இன்னொரு இலவச வேலையை ஏற்றிவிட்டு அதைப் பங்கேற்பு என்று சொல்லக் கூடாது.

2021-ல் வந்த மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டம், நீரின் தரத்தைச் சோதிக்கும் பணியில் மகளிர் குழுக்களைச் சேர்க்கச் சொல்கிறது. விட்டு விட்டு வரும் தண்ணீரில் இது உயிர் காக்கும் வேலை. குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் பழுதான இணைப்புகள் வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. இணைப்பில் நேரே மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். அதனால் சோதனையைத் தொட்டியடியில் செய்து பயனில்லை. கடைக்கோடித் தெருக்குழாயில், தண்ணீர் வந்த முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டும். எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைந்தால் சோதிக்கும் பெண் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வந்து பார்ப்பார் என்பதைச் சோதனைப் பெட்டியின் மூடியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.