கடவுளின் மீது பழி சுமத்தாதீர்

இழவு வீடுகளில் நாம் தயக்கமின்றிச் சொல்லும் சொல் ஒன்று உண்டு. “எல்லாம் கடவுளின் சித்தம், நாம் என்ன செய்ய முடியும்?” ஆறுதல் என்று எண்ணியே இதைச் சொல்கிறோம். ஆனால் இது ஆறுதல் அன்று. அன்பே உருவான இறைவன் மீது சுமத்தப்படும் பழி. மக்களுக்கு இதைக் கற்பித்தவர்களுள் குருக்களாகிய நாங்களும் உண்டு. ஆகவே என்னையும் சேர்த்தே குற்றம் சாட்டுகிறேன்.

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், திருக்குடும்ப விழா, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை சுமத்திராவுக்கு அருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கம், இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். நான் அப்போது ஒரு கடற்கரைப் பங்கில் உதவிக் குரு. கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக உடல்களை அடக்கம் செய்துகொண்டிருந்தபோது, ஒரு தாயிடம் அதே சொல்லைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “சுவாமி, எம் பிள்ளை செத்தது கடவுளுக்குப் பிரியமா?”

குருத்துவக் கல்லூரியில் நான் கற்ற இறையியல் முழுவதும் அந்தக் கேள்வியின் முன் வாயடைத்து நின்றது.

அந்நாள்களில் வேறு சிலர் என்னைவிடத் துணிவாகப் பேசினார்கள். பாவத்துக்குத் தண்டனை என்றார்கள். இது புதிய பேச்சன்று. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழாவன்று, லிஸ்பன் நகரை நிலநடுக்கம் தகர்த்தது. ஆலயங்களில் கூடியிருந்த மக்கள் இடிபாடுகளில் மாண்டனர். மறு ஆண்டு கபிரியேல் மலகிரிதா என்னும் குரு, நகரத்தாரின் பாவங்களே காரணம் என்று நூல் எழுதினார். திருவிழாத் திருப்பலியில் நின்றவர்களையா கடவுள் தேடித் தண்டித்தார்? தொட்டிலில் கிடந்த குழந்தை செய்த பாவம் எது?

ஆண்டவர் இயேசு இதற்கு என்றோ தீர்ப்பளித்துவிட்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்ற எருசலேம் மக்களைவிடக் கொடிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே விடையும் சொன்னார் (லூக்கா 13). பிறவிக் குருடரைக் கண்டு, பாவம் செய்தவர் இவரா, பெற்றோரா என வினவிய சீடர்களிடமும் இருவருமல்லர் என்றார் (யோவான் 9). யோபுவைக் குற்றவாளியாக்கிய நண்பர்களையோ கடவுளே கடிந்துகொண்டார். இத்தனைக்குப் பின்னும் அந்த நண்பர்களின் பக்கமே நாம் நிற்பதேன்?

இன்னும் சிலர், நல்ல மலரைத்தான் கடவுள் தமக்கெனப் பறிக்கிறார் என்பர். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மீன் கேட்கும் பிள்ளைக்கு எந்தத் தகப்பனும் பாம்பைக் கொடுப்பதில்லை என்று நமக்குக் கற்பித்தவர் இயேசு. மனிதத் தகப்பன் செய்யக் கூசுவதை விண்ணகத் தந்தை செய்வார் என்று சொல்ல நமக்கு நா எப்படி எழுகிறது?

“ஆண்டவர் கற்பித்த செபத்திலேயே இறைசித்தம் நிறைவேற மன்றாடுகிறோமே?” என்று கேட்கலாம். ஆம். விண்ணில் நிறைவேறுவதுபோல் மண்ணில் அது இன்னும் நிறைவேறவில்லை என்பதால்தானே மன்றாடுகிறோம்? நடப்பதெல்லாம் அவர் சித்தமே என்றால் அந்த மன்றாட்டுக்கு வேலை ஏது? கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று யோபு சொன்னது உண்மை. அது அவரே தம் துயரத்தில் சொன்னது. அடுத்தவர் துயரத்துக்கு நாம் அதை மருந்துச் சீட்டாக எழுதித் தர முடியாது.

அப்படியானால் கடவுள் வலுவற்றவரா? இல்லை. கடவுள் விரும்புவதும் அனுமதிப்பதும் ஒன்றல்ல என்பது திருச்சபையின் தொன்மையான போதனை. படைப்புக்கு அதற்குரிய இயக்கத்தை அவர் தந்துள்ளார். கண்டங்களையும் மலைகளையும் உருவாக்கும் நிலத்தட்டுகளின் அசைவுதான் அந்த அலையையும் எழுப்பியது. தீமையிலிருந்தும் நன்மையைப் பிறப்பிக்க வல்லவர் என்பதாலேயே கடவுள் தீமையை அனுமதிக்கிறார் என்றார் புனித அகுஸ்தினார். நான் இதை நம்புகிறேன். ஆயினும் அலை எழுந்த காரணம் அறிவதால், அந்தக் குழந்தை ஏன் என்ற கேள்வி தீர்வதில்லை. பின்னர் எழுந்த புதிய வீடுகள் அக்குழந்தைக்கு ஈடாகக் கிடைத்த நன்மை என்று எவரும் கணக்கெழுத வேண்டாம்.

நம்மிடம் இருப்பது விளக்கம் அன்று, சிலுவை. இலாசரை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும் இயேசு கல்லறையருகே அழுதார். கைவிடப்பட்டவராய்ச் சிலுவையில் கதறினார். புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1984-இல் துன்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது மடலில் நம்மை இட்டுச் செல்வதும் அந்தச் சிலுவையடிக்கே. நம் கடவுள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவரல்லர், அலைக்குள் இருந்தவர். உயிர்ப்பு நம் நம்பிக்கை. ஆனால் பெரிய வெள்ளியைத் தாண்டிக் குதித்து எவரும் அங்கே சென்றடைவதில்லை.

இறுதியாக ஒன்று. “கடவுளின் சித்தம்” என்னும் சொல் மனிதரின் கடமையையும் மறைத்துவிடுகிறது. நிலநடுக்கத்துக்கும் நம் கரையை அலை தொட்டதற்கும் இடையே 2 மணி நேரத்துக்கும் மேலாக அவகாசம் இருந்தது. பசிபிக் கடலில் 1949 முதல் எச்சரிக்கை மையம் இயங்கி வந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. ஐதராபாத்தில் அது அமைந்தது 2007-இல். அந்தக் குறையும் இறைசித்தமா? 2017-இல் ஒக்கிப் புயலில் மீனவர் மாண்டபோது, எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டவில்லை என்று கரையோர மக்கள் சாலைக்கு வந்து கேட்டார்கள். அது நம்பிக்கையின்மை அன்று. மனிதர் பொறுப்பேற்க வேண்டியதைக் கடவுளின் தலையில் கட்ட மறுத்த விசுவாசம் அது.

ஓராண்டுக்குப் பின் அந்தத் தாயைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “அன்னைக்கு நீங்க ஒண்ணும் சொல்லாம பக்கத்துல நின்னிருந்தா போதும் சுவாமி” என்றார்.

யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள்கள் அவரோடு தரையில் பேசாமல்தான் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. அடுத்த இழவு வீட்டுக்குச் செல்லும்போது நாமும் அதையே செய்வோம். அடக்கம் முடிந்தபின் அவ்வீட்டில் அடுப்பெரிகிறதா என்று பார்ப்போம். கடவுளுக்காக வழக்காட வேண்டிய தேவை நமக்கில்லை; அவர் அழுகிறவர்களோடு அமர்ந்திருக்கிறார்.