பழைய லேத்தின் புஷ் என்ன பாவம் செய்தது?

"பழைய லேத்தா? புஷ் பேரிங்தானே? பிடுங்கிவிட்டு பால் பேரிங் போடுங்கள்!" இப்படி யோசனை சொல்பவர்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. குண்டு உருண்டால் உசத்தி, தண்டு வழுக்கினால் மட்டம் என்று யார் சொன்னது?

இங்கிலாந்தில் 1946இல் வந்த மைஃபோர்டு எம்.எல்.7 லேத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்பிண்டில் ஒயிட் மெட்டல் பேரிங்கில் சுழல்கிறது. ஓட்டம் பிடித்ததும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்து, ஆப்பு அடிப்பதுபோல் இடுக்கில் செலுத்துகிறது. அந்த மெல்லிய படலமே தண்டைத் தாங்குகிறது. அதிர்வையும் அதுவே விழுங்கிவிடுவதால் கடைசல் வழவழப்பாக வருகிறது.

தேய்ந்தால் என்ன செய்வது? பேரிங் இரண்டு பாதிகளாக இருக்கிறது; மூடிக்கு அடியில் ஏடு ஏடாக ஒட்டிய ஷிம். ஓர் ஏட்டை உரித்து மூடியை முடுக்கினால் ஆட்டம் அடங்கும். பால் பேரிங் தேய்ந்தால் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

அதிவேகத்துக்கு உருளும் பேரிங்தான் ஏற்றது; மறுக்கவில்லை. ஆனால் எம்.எல்.7இன் உச்ச வேகமே நிமிடத்துக்கு 640 சுற்றுதான். இதற்காக ஹெட்ஸ்டாக்கைக் குடைந்தால், ஸ்பிண்டில் பெட்டுக்கு இணையாக நிற்காமல் போகலாம். அப்புறம் சக்கில் பிடித்து நேராகக் கடைந்தாலும் கூம்பாகத்தான் வரும்.

பல நேரம் குற்றவாளி பேரிங் அல்ல, மேலே காய்ந்து கிடக்கும் எண்ணெய்க் கிண்ணம். முதலில் அதை நிரப்புங்கள் ஐயா!