கர்ப்பிணியின் தைராய்டு அறிக்கையில் யாருடைய ‘நார்மல்’?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு 1956 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த மாநில எல்லை, மகப்பேற்றைப் பொறுத்தவரை பெரிய தடையன்று. கருவுற்ற தொடக்கத்தில் பாறசாலை வட்டத் தலைமை மருத்துவமனைக்குச் செல்லும் பெண், பின்னர்த் தாய்வீட்டிலிருந்து களியக்காவிளையைக் கடந்து மார்த்தாண்டத்தில் இரத்தம் கொடுப்பதில் வியப்பில்லை. ஆய்வுக்கூடம் மாறுகிறது; கருவியும் மாறுகிறது. இரண்டு தாள்களிலும் எண்ணுக்கு அருகே அச்சாகும் வரம்போ பெரும்பாலும் கருவுறாத பெரியவர்களுக்குரியது. ‘நார்மல்’ என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோல் வழங்குவதாலேயே அது யாருடைய நார்மல் என்று எவரும் கேட்பதில்லை போலும்.

கருப்பம் தைராய்டின் கணக்கையே மாற்றிவிடுகிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன், அமைப்பில் டி.எஸ்.எச்.-ஐ ஒத்திருப்பதால் தைராய்டைத் தூண்டுகிறது. முதல் மும்மாதத்தின் இறுதிவாக்கில் அது உச்சமடையும்போது டி.எஸ்.எச். தாழ்கிறது. அவ்வேளையில் 0.2 என்று வரும் முடிவு, பெரியவர்களின் வரம்போடு ஒப்பிட்டால் தைராய்டு மிகைச்சுரப்பாகத் தோன்றும். நலமுள்ள கர்ப்பிணிக்கோ அது இயல்பாகவே இருக்கலாம். ஈஸ்ட்ரோஜனால் ஹார்மோனைப் பிணைக்கும் புரதம் பெருகுவதால், 16 வாரமளவில் மொத்த டி4 ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அதே மாற்றம், கட்டற்ற டி4-ஐ அளக்கும் வழக்கமான சோதனையின் நம்பகத்தன்மையையும் குறைக்கிறது.

மேல் எல்லையைப் பற்றிய கருத்து வேறுபாடு இதனினும் கூர்மையானது. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011-இல் முதல் மும்மாதத்திற்கு 2.5 என்றது, இந்திய நலவாழ்வு அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அதையே ஏற்றது. ஆனால் 331 பெண்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான டெல்லி ஆய்வு, நலமுள்ள இந்தியக் கர்ப்பிணிகளிடம் முதல் மும்மாதத்தில் 0.6 முதல் 5.0 வரை கண்டிருந்தது. அமெரிக்கச் சங்கமும் 2017-இல் தன் நிலையை மாற்றி, அந்தந்த மக்களிடமிருந்தே வரம்பை வகுக்க வேண்டும் என்றும், அது இல்லாத இடத்தில் ஏறத்தாழ 4.0-ஐக் கொள்ளலாம் என்றும் கூறியது. ஒன்பதாம் வாரத்தில் 3.4 வந்த ஒரே பெண், ஒரு விதிப்படி நோயாளி, மற்றொன்றின்படி நலமானவர்.

இது வெறும் சொல்விவாதம் அன்று. வெளிப்படையான தைராய்டு குறைவு தாயையும் சேயையும் பாதிக்கும். அதற்கு மருந்து தவிர்க்க இயலாதது. எல்லைக்கோட்டருகே நிற்கும் எண்ணுக்கு மாத்திரை தருவதன் பயனோ ஐயத்திற்குரியது. 2012-இலும் 2017-இலும் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், அத்தகைய சிகிச்சையால் குழந்தைகளின் அறிவுத்திறன் உயர்ந்ததாகத் தெரியவில்லை. தேவையற்ற அச்சமும் மாதந்தோறும் இரத்தம் எடுக்கும் அலைச்சலும், கூலிவேலை செய்யும் பெண்ணுக்குச் சிறு சுமையல்ல.

ஆகவே ஆய்வுக்கூடங்கள் கருப்ப வாரத்தையும் அதற்குரிய வரம்பையும் சோதனை முறையையும் தாளிலேயே அச்சிட வேண்டும்; தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் இன்னும் நன்று. இயன்றவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் தொடர்வது ஒப்பீட்டை எளிதாக்கும். தென் திருவிதாங்கூர்ப் பெண்களுக்கான வரம்பை, தைராய்டு எதிர்ப்பொருள் இல்லாத, அயோடின் போதுமான கர்ப்பிணிகளைக் கொண்டு வகுப்பது பல்கலைக்கழகங்களுக்கு எட்டாத பணியன்று. கருவுறுமுன்பே லெவோதைராக்சின் உட்கொண்டு வருபவர் இவ்விவாதத்தைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கருவுற்றதும் அவர்களுள் பெரும்பாலோர்க்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.