ஆற்றுப்படுத்துவார் கடன்

தெமோதரைப் புகையிரத நிலையத்துக்கு வருவோர் அங்குள்ள வளையத்தைக் கண்டு வியவாமற் செல்வதில்லை. மேலே நிலையம், அதன் அடியிலே சுரங்கவழி. எல்லப் பக்கத்திலிருந்து வந்து நின்ற வண்டி, புறப்பட்டு மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் சற்றுமுன் நின்ற இடத்தின் கீழாகவே நுழைந்து பதுளை நோக்கிப் போகின்றது. 1924ஆம் ஆண்டிற் பதுளை வரை நிறைவெய்திய இவ்விருப்புப்பாதையை அமைத்தோர், 44 அடி தூரத்துக்கு 1 அடியின் மேல் ஏற்றம் இருத்தலாகாது என்று அளவு வைத்துக்கொண்டனர். அவ்வளவுக்குள் நேரே இறங்க இயலாமையால் இவ்வளையம் பிறந்தது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளருக்கு இவ்வழி தோன்றியது என்பது செவிவழிச் செய்தி. அது வரலாறாயினும் ஆகுக, கதையாயினும் ஆகுக. இரும்பினாற் செய்த இயந்திரத்தை மலைமேற் செலுத்துமுன், அதன் ஆற்றல் இவ்வளவு என அளந்தறிந்து வழியை அதற்கேற்ப மாற்றியவர்கள் இருந்தார்கள். மனிதரை மலைமேல் அழைத்துச் செல்வோர் அத்துணைக் கவலை கொள்கின்றனரா என்பதே இன்று நாம் கேட்க நினைப்பது.

மலைநடை இந்நாளில் ஒரு தொழிலாகிவிட்டது. கண்டிக்கு அயலிலுள்ள ஹந்தானையிலே தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ’ நடைவழி 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது; 22 கட்டங்களாகப் பகுக்கப்பட்டு 2023 முதல் நடப்போரை அழைத்து வருகின்றது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்தின் தொடக்கத்திலும் வெட்டப்பட்ட தோட்டவழிகளே பெரும்பாலும் அதன் உறுப்புகள். ஊவாவில் ஹப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பக்கங்களையும் அது தொட்டுச் செல்கின்றது. இஃதன்றி, எல்லப் பாறைக்கும் சின்னச் சிவனொளிபாதத்துக்கும் நாள்தோறும் கூட்டம் ஏறுகின்றது. ஒன்பது முடி என்னும் பெயர்கொண்டு 2,000 மீற்றருக்கு மேல் ஓங்கி நிற்கும் நமுனுகுலவை நாடுவாரும் உளர்.

இவர்களுள் ஒரு சாரார் திரும்பி வந்து கூறும் குறை ஒன்றே: சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. இரண்டு மணி நேரம் என்றார்கள், நான்காயிற்று. நல்ல பாதை என்றார்கள், வேரைப் பற்றி ஏறும் செங்குத்தாயிருந்தது. காலையில் விளக்கமாகத் தெரிந்த வழியை நண்பகலுக்குப் பின் மூடுபனி விழுங்கிற்று.

இக்குறையைக் கேட்டவுடன் வழிகாட்டியைப் பொய்யன் என்று முடிவுகட்டுதல் நீதியன்று. தோட்டத்தில் ஒருத்தி ‘மலைக்குப் போகிறேன்’ என்றால், கொழுந்தெடுக்கப் போகிறேன் என்பதே பொருள். அங்கே மலை என்பது காட்சியன்று, வேலைத்தலம். விடியலிற் பெரட்டுக்கு நின்று, ஏறி, நிறைந்த கூடையோடு இறங்கி, மறுபடியும் ஏறும் தாயின் பின்னே வளர்ந்த இளைஞன் ஒருவனை, ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இந்தா, கிட்டத்தான் ஐயா’ என்பான். அவன் காலுக்கு அது கிட்டத்தான். அவன் சொல்லிற் பொய் இல்லை. கேட்பவருடைய கால் எத்தகையது என்ற நினைப்புத்தான் இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையே இக்கட்டுரையின் பொருள். வேண்டுமென்றே தவறான திருப்பத்தைக் காட்டி, பயணி மயங்கி நின்றபின் கூலிக்கு வழிகாட்ட முன்வருவோர் எல்லப் பாறை வழியில் உண்டு என்று பயணிகள் சிலர் எழுதியிருப்பதையும் படித்தோம். அது வழிப்பறிக்கு அடுத்த தொழில். அதனை இங்கே ஆராய வேண்டுவதில்லை.

கேட்பவர் காலை நோக்கி வழிசொல்லும் முறை தமிழுக்குப் புதிதன்று. அதற்கென ஓர் இலக்கிய வகையே நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டில் இறுதியதாகிய மலைபடுகடாம், இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும். 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த நாள் தொட்டு நம் கைக்கு எட்டியிருப்பது. செங்கண்மாத்து நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு அம்மலைவழியைச் சொல்வதே நூலின் அமைப்பு. இதனை வள்ளலின் புகழ்பாடும் நூல் என்று மட்டும் வகுப்பறையிற் கூறி முடித்துவிடுகின்றோம். புகழ் ஒரு பகுதியே. வழி மற்றொரு பகுதி, அதுவும் பெரும்பகுதி.

அவ்வழி எவ்வாறு சொல்லப்படுகின்றது என்று நோக்குக. சொல்லத் தொடங்குமுன்னரே கூத்தரோடு வரும் விறலியரின் அடிகளைப் புலவர் கண்டுவிடுகின்றார். கல்லிற் பொருது மெலிந்த அவ்வடிகளுக்கு, ஓடி இளைத்த நாயின் நாவை உவமை கூறுகின்றார். இதனினும் அழகிய உவமை சங்க நூல்களிற் பல உண்டு. இதனினும் உண்மையானது சிலவே. அந்த அடிகளுக்கு ஏற்பவே பின்வரும் எச்சரிக்கைகள் அமைகின்றன. பன்றிக்கு வைத்த பொறி ஒடுங்கிய வழிகளிற் கிடக்கும். ஆகலின் பொழுது புலர்ந்தபின் செல்க. குழிகளிற் பாம்பு உறையும், பார்த்து விலகுக. தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் மரங்களைச் சிதைத்துக்கொண்டு வரும். மரத்தின் பின் ஒதுங்குக. நீரின் பாசி அடியைத் தளர்த்தும். கரையிலுள்ள கொடியையும் கோலையும் பற்றிக்கொள்க. இருட்டிவிட்டால் நடவாது குகையிலே தங்குக. குறவரும் வழி மயங்கும் குன்றம் ஒன்று உண்டு. அங்கே அகப்பட்டால் அலையாது அகன்ற பாறையில் ஒருங்கிருந்து வாத்தியங்களை முழக்குக. ஒலி கேட்டுக் கானவர் வந்து கைகொடுப்பர். வழி பிரியும் இடத்தில், பின்னே வரும் புதியவர் அறியுமாறு புல்லை முடிந்து வைத்துச் செல்க என்றும் கூறுகின்றார். இந்நாளில் மரத்திலும் கல்லிலும் அம்புக்குறி வரைகின்றார்களே, அதன் மூதாதை இந்தப் புல்முடிச்சே போலும்.

இத்தனை இடர்களையும் கேட்ட பின்னும் அக்கூத்தர் திரும்பிப் போகவில்லை என்பதுதான் கருதத்தக்கது. இடர் இருக்கும் இடமும், அதனைக் கடக்கும் உபாயமும், இரவில் உணவு கிடைக்கும் சீறூரும் தெரிந்தன, ஆகவே நடந்தனர். வழி கடியது என்று சொன்னால் வருவோர் குறைந்துவிடுவர் என அஞ்சும் இக்கால நடத்துநர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு மறுதலையான ஆற்றுப்படை ஒன்றும் நம் வரலாற்றில் உண்டு. அதை மலையகத்தார்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. இற்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, தமிழகத்துக் கிராமங்களில் ஆள்திரட்டிய கங்காணிகள் காட்டிய வழி அது. செடியின் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொன்னார்கள் எனப் பாட்டிமார் இன்றும் கூறுவர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் நீரற்ற காட்டினூடே மாத்தளை வரை நடந்தனர். அதன் பின்னும் ஊவா போன்ற தூரத்து மலைகளுக்கு ஏறினர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலி கொண்டன. நடந்தவர் காலுக்கு எத்தகைய வழி என்று முன்னே எவரும் சொல்லவில்லை. அதனினும் கொடியது யாதெனின், அந்த வழிச்செலவே அவர்கள் தலையிற் கடனாக ஏறிற்று. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிந்தது. 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிற் புறப்பட்டு ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் மாத்தளையை அடைந்தோர், அவ்வழியை நினைந்தே நடந்தனர். வேண்டி நடந்த நடை அது. முன்னோர் நடந்ததோ ஏமாந்து நடந்த நடை.

பழங்கதை என்று விட்டுவிடலாகாது. 2018 மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டத்திலே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலைநடைக் குழுவினர் காட்டுத்தீயில் அகப்பட்டு, 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெண்கள் பலர், மலைப் பழக்கம் இல்லாத நகரத்து இளைஞர் பலர். வேனிலில் உலர்ந்த புல்வெளி என்னவாகும் என்பது மலைவாழ்நர் அறிந்தது, வந்தவர் அறியாதது. அதன்பின் தமிழக அரசு மலைநடைக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழிகளை எளியது, இடைநிலையது, கடியது என மூன்றாகத் தரம் பிரித்து, மலைவாழ் இளைஞரையே வழிகாட்டிகளாகப் பயிற்றி, ஒரு திட்டம் தொடங்கியது. நன்று. ஆயினும் ‘எளியது’ என்ற ஒரு சொல் யாருடைய காலுக்கு என்ற வினா அங்கும் எஞ்சியே நிற்கின்றது. கௌசிகனார் எந்த வழியையும் எளியது என்றோ கடியது என்றோ ஒரு சொல்லில் அடக்கவில்லை. இவ்விடத்தில் இது உண்டு, இவ்வாறு செய்க என்றே சொல்லிச் சென்றார்.

தெமோதரையிலும் அயலிலும் உள்ள தோட்டத்து இளைஞருக்கு வழிகாட்டும் தொழில் ஒரு வாய்ப்பு. கொழும்புக் கடைகளில் வேலைதேடி ஊரை விட்டோடுவோர் பலராகிய இக்காலத்தில், தம் மலையிலேயே நின்று, தம் அறிவையே விற்று வாழ்வதற்கு வேறு வழிகள் மிகச் சிலவே. அவ்வறிவு சிறியதன்று. பகலிற் புழுக்கம் ஏறிய பருவமாற்ற நாளில் மாலை இடிமழை வரும் என்பதும், ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று ஊவாச் சரிவுகளை நனைத்து மண்ணை இளக்கும் என்பதும், ஆனி ஆடியின் வறண்ட கச்சான் காற்றில் மானாப் புல் தீப்பற்றும் என்பதும், எந்தக் கானில் மழைக்குப் பின் அட்டை மிகும் என்பதும் அவர்கள் பிறந்தது முதல் அறிந்தவை. இவற்றைப் புதியவர்க்கு முன்கூட்டி எடுத்துரைக்கும் பழக்கம் ஒன்றே பயிலப்பட வேண்டியது. அந்தப் பழக்கம் இன்றேல் நம்பிக்கை கெடும். நம்பிக்கை கெட்டால் இத்தொழிலும் வெளியூர்க் கும்பனிகளின் கைக்குப் போய்விடும், முன்னைய தொழில்கள் போயினவாறே.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். மலைபடுகடாத்தைச் சன்னலைச் சாத்திக்கொண்டு கற்பிக்காதீர்கள். பதுளை, ஹாலிஎல, தெமோதரைப் பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர், தத்தம் தோட்டத்து வழி ஒன்றை ஆற்றுப்படையாக உரைநடையில் எழுதி அனுப்பினால் இப்பகுதியில் வெளியிடுவோம். இரண்டு பக்கத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். எழுதுவோர் அவ்வழியைத் தாமே நடந்திருத்தல் வேண்டும். வழியிலுள்ள மலைகளுக்கும் கான்களுக்கும் பாறைகளுக்கும் தோட்டத்தார் வழங்கும் பெயர்களையே இடுக. அப்பெயர்கள் எந்தப் படத்திலும் இல்லை. வழியிலே வழுக்கும் இடம், தண்ணீர் உள்ள இடம், முதியவர் ஒருவர் இளைப்பாறத் தகும் இடம் மூன்றும் தவறாது குறிக்கப்படல் வேண்டும். அனுப்புமுன், அவ்வழியே நாள்தோறும் கொழுந்து சுமந்து வருபவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் திருத்தியதையும் சேர்த்து எழுதுக.